நாலு ஓட்டைதானே! (துளை போட்டுச் செய்த வயிற்று ஆபரேஷன்: நம் வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்)

வாலாஜாக்காரி:

பித்தப்பையை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. ஆபரேஷனை விட, அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடமாக என் வலிக்குப் பெயர் ‘கேஸ்’. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வலது விலாவுக்குக் கீழே ஆரம்பிக்கும். அப்புறம் முதுகுப் பக்கம் ஏறி, வலது தோள்பட்டை எலும்புக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். விடிவதற்குள் மழை விட்டது போல் நின்றுவிடும். காலையில் எழுந்து இட்லி ஊற்றுகிறவளுக்கு என்ன வியாதி இருக்க முடியும்? ஓமத் தண்ணீர், பெருங்காயம் கரைத்த மோர் என்று காலம் ஓடியது. ஆற்காட்டிலிருந்து நாத்தனார் வாங்கி வந்த மக்கன் பேடாவில் இரண்டைத் தின்ற இரவுதான் தாங்க முடியாமல் போனது. மறுநாள் ஸ்கேனில் பித்தப்பை முழுக்கக் கல்.

துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்கிற லேப்ராஸ்கோபி என்றதும் என் அம்மா கேட்டது: “அது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆச்சே? உனக்குத்தான் அப்பவே பண்ணியாச்சே!”

ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். வேலூர்தான். ஐடா ஸ்கடர் ரோட்டில், வங்காளி எழுத்துப் பலகைகளுக்கு நடுவே லாட்ஜ் தேடி அலைகிற வடக்கத்திக் குடும்பங்களைப் பார்த்தபோது, ஒரு மணி நேர பஸ்ஸில் வீடு இருப்பதே பெரிய விஷயமாகத் தெரிந்தது.

தொப்புளில் ஒரு துளை, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் இரண்டு. பெரியது ஒரு சென்டிமீட்டர், சின்னது அதில் பாதி. மறுநாள் மாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு மருந்து பாட்டில், அதற்குள் என் கற்கள், பதினேழு. பெரும்பாலும் மிளகு அளவு, இரண்டு மட்டும் கொண்டைக்கடலை அளவு. பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். ஒன்றோடொன்று உரசி உரசி, பட்டை தீட்டியது போல் வழவழவென்று முகங்கள். மாமியார் அதை டிவி பக்கத்தில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் குலுக்கிக் காட்டினார்.

அன்று இரவு வலது தோளில் ஒரு வலி பாருங்கள், வயிற்று வலி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மாரடைப்பு என்றே முடிவு கட்டி வார்டுக்குப் போன் போட்டோம். நர்ஸம்மா நிதானமாக எல்லாம் கேட்டுவிட்டு, “உள்ள விட்ட கேஸ்மா, எழுந்து நடங்க” என்றார். மறுபடியும் கேஸ்!

நான்காம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. நான் படுத்திருந்தேன். “நாலு ஓட்டைதானே, எனக்கு ரெண்டு தடவை வயித்தையே கிழிச்சாங்க” என்றார் ஓரகத்தி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம். நீளமாக ஒரு தையல் இருந்திருந்தால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். குடத்தைத் தூக்கினேன். அடுத்த வாரம் தொப்புள் துளை சிவந்து நீர் கசிந்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை, என் கணவரைத் திட்டினார். “வெளியில தெரியறது சின்னது. உள்ள ஒரு உறுப்பையே அறுத்து எடுத்திருக்கோம். தொப்புள்ள போட்ட துளை நல்லா மூடறதுக்குள்ள பாரம் தூக்கினா அந்த வழியா குடல் பிதுங்கி ஹெர்னியா வரும்.”

உங்கள் வீடுகளில் எப்படி?

ராணிப்பேட்டை நைட் ஷிப்ட்:

அக்கா, எனக்கு நேர்மாறு. தோல் கம்பெனியில் வேலை. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மூன்று நாள் ஷிப்ட் பார்த்தேன். கடைசியில் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பெண்டிக்ஸ், துளை போட்டே எடுத்துவிடலாம் என்றார்கள். கண் விழித்துப் பார்த்தால் வயிற்றில் முழ நீளத்துக்குக் கட்டு, பக்கத்தில் ஒரு டியூப். எங்கள் அண்ணன் சண்டைக்கே போய்விட்டார்: “ஓட்டைன்னு சொல்லிட்டு கிழிச்சிருக்கீங்களே, பில்லு எதுக்குப் போடுவீங்க?”

சர்ஜன் உட்காரவைத்து விளக்கினார். அப்பெண்டிக்ஸ் ஏற்கெனவே வெடித்து, சீழ் பரவி, குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததாம். கேமராவில் எது எது என்றே பிரித்துப் பார்க்க முடியாத நிலை. அப்போது திறப்பதுதான் ஒரே வழி. நான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார். ‘தேவைப்பட்டால் திறந்த முறைக்கு மாற்றப்படும்’ என்று தமிழிலேயே இருந்தது. வலியில் யார் படிக்கிறார்கள்? எட்டு நாள் படுக்கை. முதல் நாளே போயிருந்தால் மூன்று துளையோடு முடிந்திருக்கும். அந்த மூன்று நாள் சம்பளத்துக்கு எத்தனை மடங்கு செலவு என்று கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

காட்பாடி சிஸ்டர்:

ஆபரேஷன் தியேட்டரில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். வாலாஜா அம்மா சொன்ன தோள்வலிக்குக் காரணம் சொல்கிறேன். வயிற்றுக்குள் கேமராவுக்கு இடம் வேண்டும். அதற்காகக் கார்பன் டை ஆக்ஸைடை ஏற்றி வயிற்றைப் பலூன் போல உப்பவைப்போம். காற்றையே ஏற்றினால் என்ன என்று புதிதாக வந்த பிள்ளைகள் கேட்பார்கள். உள்ளே கரண்ட் வைத்துச் சுட்டுத்தான் ரத்தத்தை நிறுத்துகிறோம். கார்பன் டை ஆக்ஸைடு தீப்பற்றாது. மிச்சம் இருப்பதும் ரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியே போய்விடும். போகிற வரைக்கும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதால், உறுத்தல் அங்கே, வலி தோளில். இரண்டு மூன்று நாளில் அடங்கும். ஆனால் காய்ச்சல், மஞ்சள் காமாலை, வயிறு உப்பி வலி கூடிக்கொண்டே போவது, இதெல்லாம் கேஸ் இல்லை. உடனே ஓடுங்கள்.

உங்கள் அம்மா கேட்டதைக் கிண்டல் செய்யாதீர்கள். பெண்களுக்கு வைத்தியம் பார்க்கிற மகளிர் மருத்துவர்கள்தான் இதில் முன்னோடி. குடும்பக் கட்டுப்பாடு கேம்ப்களில் இந்தக் குழாயைப் பல வருடமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். 1980-ல் ஜெர்மனியில் முதன்முதலாக அப்பெண்டிக்ஸை இப்படி எடுத்த குர்ட் செம்மும் மகளிர் மருத்துவர்தான். பொது சர்ஜன்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். பித்தப்பையை இப்படி எடுப்பது நம் நாட்டுக்கு வந்தது 1990-ல், மும்பையில் டாக்டர் உத்வாடியா கையால்.

ராணிப்பேட்டைத் தம்பி, உங்களுக்கு ஒன்று. துளை ஆபரேஷன் எதுவானாலும், பெரிய கத்தி, பெரிய கிளாம்ப் எல்லாம் அடங்கிய தட்டு பக்கத்தில் தயாராக இருக்கும். பல நாள் அதைப் பிரிக்காமலே திருப்பி வைத்திருக்கிறேன். சர்ஜன் “ஓப்பன்” என்று சொன்ன நாட்களில் தியேட்டரில் ஒருத்தரும் பேசமாட்டோம். எந்த சர்ஜனும் அதை ஆசைப்பட்டுச் சொல்வதில்லை தம்பி.

ஆம்பூர் பையன்:

எங்கள் நைனாவுக்குக் கல் நழுவிப் பித்தக்குழாயில் அடைத்துக்கொண்டது. கண் மஞ்சள். வீட்டில் ஒரு வாரம் கீழாநெல்லி அரைத்தோம், அந்த வாரத்தை நினைத்தால் இன்றும் பயம். முதலில் வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டுக் குழாயில் இருந்த கல்லை எடுத்தார்கள். சில நாள் கழித்துத்தான் துளை போட்டுப் பித்தப்பை. டிஸ்சார்ஜ் அன்று நைனா டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி பிரியாணி பற்றி. பித்தப்பை பித்தத்தைச் சேர்த்துவைக்கிற பைதான், பித்தம் சுரப்பது கல்லீரலில், அதனால் சாப்பிடலாம், ஆரம்பத்தில் எண்ணெய் கொஞ்சமாக என்றார். நைனா காதில் ‘சாப்பிடலாம்’ மட்டும் விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாத்ரூமில்.

வாலாஜாக்காரி:

சிஸ்டர் அம்மாவுக்கு நன்றி. நீங்கள் எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஓரகத்தி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

நேற்று ராத்திரி மாமியாருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. ஓமத் தண்ணீர் கேட்டார். கற்கள் பாட்டிலைக் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். சனிக்கிழமை ஸ்கேனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கல் இருந்தால், இந்த முறை குடம் யார் தூக்குவது என்பதை முதலிலேயே பேசிவிடப் போகிறேன்.