தென் ஐரோப்பியர் எல்லோரும் ஒரே குரலில்தான் பேசுகிறார்களா?

ஒலிச்சித்திரம் கேட்கிறார்:

வானொலி நாடகம் ஒன்றை எழுதி, இப்போது ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். லிஸ்பனைச் சேர்ந்த செவிலி, செவில் நகரத்துப் பள்ளி ஆசிரியர், நேப்பிள்ஸில் கடிகாரம் பழுதுபார்ப்பவர், ஏதென்ஸில் பேருந்து ஓட்டுபவர் ஆகிய நால்வரும் ஒரு கப்பலில் சந்திக்கிறார்கள். நாடகம் தமிழில்தான் என்றாலும், அவரவர் தாய்மொழியில் பேசும் சில வரிகள் உண்டு. தமிழ் வசனத்திலும் அந்தந்த உச்சரிப்பின் சாயல் லேசாகத் தெரிந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன்.

முதல் ஒத்திகையிலேயே நால்வரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். சொல்லுக்குச் சொல் இறுதியில் ஓர் 'ஆ', மூச்சுவிடாத வேகம், உரத்த குரல், மைக்கின் முன்னால் வீணாக வீசப்பட்ட கைகள். ஆசிரியராக நடிப்பவர், முற்காலத்து ஸ்பானிய மன்னர் ஒருவருக்கு நாக்குக் குழறியதாகவும், அரசவையினர் அவரைப் பின்பற்றியதால் நாடே அப்படிப் பேசத் தொடங்கியதாகவும் எங்கோ படித்ததாகச் சொல்லி, ஸகரம் வந்த இடமெல்லாம் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துப் பேசினார். சரிபார்ப்பதற்காக லிஸ்பன் பெண்மணி ஒருவரின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். அறையிலிருந்த ஆறு பேரில் ஐந்து பேர் அதை ரஷ்ய மொழி என்றார்கள். போதாக்குறைக்கு, விளம்பரப் படம் வரைந்தவர் நால்வருக்கும் ஒரே கருஞ்சுருள் முடியையும் ஒரே கோதுமை நிறத்தையும் கொடுத்திருக்கிறார்.

இந்தப் பொதுப்பிம்பங்களில் எவற்றுக்கு உண்மையான அடிப்படை உண்டு, எவை வெளியாட்களின் கற்பனை மட்டுமே என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நெடில்குறில்:

உங்கள் ஐந்து பேரின் காதில் எந்தக் குறையும் இல்லை. போர்த்துக்கல் நாட்டுப் போர்த்துக்கேயத்தைக் கேட்டு ரஷ்ய மொழியென்றோ போலந்து மொழியென்றோ நினைப்பவர்கள் உலகெங்கும் உண்டு, அதற்குத் தெளிவான காரணமும் உண்டு. அழுத்தம் பெறாத உயிரெழுத்துகளை லிஸ்பன்காரர் பெரும்பாலும் விழுங்கிவிடுவார். 'டெலெஃபோன்' என்று எழுத்தில் இருப்பது அவர் வாயில் ஏறத்தாழ 'ட்ல்ஃபோன்' ஆகிவிடும். அசையின் இறுதியில் வரும் ஸகரம் 'ஷ்' ஆக ஒலிப்பதால், இரண்டு என்பதற்கு அவர் சொல்வது 'தோய்ஷ்'. லகரமும் தொண்டையை ஒட்டிக் கனமாக வரும். அழுத்தமற்ற உயிர்கள் தேய்வது, ஷகர ஒலிகள் மிகுந்திருப்பது, லகரம் கனத்திருப்பது ஆகிய மூன்றும் ரஷ்ய மொழியின் அடையாளங்களாக நம் காதில் பதிந்தவை என்பதால், சொல் புரியாத நிலையில் காது அங்கேதான் போய் நிற்கும். பிரேசில்காரர் உயிர்களைத் திறந்து உச்சரிப்பதால் இந்தக் குழப்பம் அவரிடத்தில் அவ்வளவாக வருவதில்லை. ஆகவே, உங்கள் செவிலிக்கு இறுதி 'ஆ' போடுவதைப் போன்ற பிழை வேறில்லை. அவர் உயிர்களைச் சேர்ப்பவர் அல்லர், தின்பவர்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. மொழிக் குடும்பத்தில் தூரத்து உறவான கிரேக்கமும் ஸ்பெயின் நாட்டு ஸ்பானியமும் வெளியாள் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். இரண்டிலும் தெளிவான ஐந்து உயிரொலிகளே உள்ளன, அசைகள் சீராக ஓடுகின்றன, நாக்கு நுனி பல்லிடுக்கில் வரும் அந்த உரசொலி இரண்டிலும் இருக்கிறது, ஸகரமும் சற்றே ஷகரத்தின் பக்கம் சாய்ந்தே ஒலிக்கிறது. அடுத்த அறையில் வானொலி மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது, அது மாட்ரிடா ஏதென்ஸா என்று நானே சில நொடிகள் திகைத்ததுண்டு.

மன்னர் கதை வெறும் கட்டுக்கதை. மாட்ரிடில் வீட்டைக் குறிக்கும் 'காஸா'வில் ஸகரம் தெளிவாக ஒலிக்கும். வேட்டையைக் குறிக்கும் இணைச்சொல்லில்தான் நாக்கு பல்லிடுக்குக்குப் போகும். ஸகரத்தைச் சொல்லத் தெரியாத மன்னரை நாடே பின்பற்றியிருந்தால் இந்த வேறுபாடு எப்படி எஞ்சியிருக்கும்? இந்தக் கதையில் வழக்கமாக இழுக்கப்படுபவர் இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டீல் அரசின் பேத்ரோ மன்னர்; அவர் ஆண்டது 1350 முதல் 1369 வரை. இடைக்காலத்து ஒலிகள் தேய்ந்து மாறி அந்த உரசொலி உருவானதோ 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான். இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் ஆசிரியர் செவில்காரர் என்பது. செவில் நகரத்தார் பெரும்பாலும் மேற்சொன்ன இரு சொற்களையும் ஸகரத்திலேயே சொல்வார்கள். போதாததற்கு, அசை இறுதியில் வரும் ஸகரத்தை மூச்சாக விட்டுவிடுவார்கள், அல்லது அறவே கைவிடுவார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்கள் சிலவற்றில் எல்லாமே பல்லிடுக்கில் வருவதுண்டு என்பது உண்மைதான். ஆனால் உங்கள் நடிகர் அதைத் தெரிந்து செய்யவில்லை.

வேகம் பற்றிய எண்ணத்துக்கு மட்டும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. லியோன் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட அளவீட்டில், ஸ்பானியம் நொடிக்கு ஏறத்தாழ 7.8 அசைகளும் ஆங்கிலம் ஏறத்தாழ 6.2 அசைகளும் ஓடின. எளிய அசை ஒவ்வொன்றும் குறைந்த செய்தியையே சுமப்பதால், கூடுதல் அசைகள் தேவைப்படுகின்றன. 2019இல் 17 மொழிகளை வைத்துக் கணக்கிட்டபோது, சொல்லப்படும் செய்தியின் அளவு எல்லா மொழிகளிலும் நொடிக்கு ஏறத்தாழ 39 பிட் (செய்தியை அளக்கும் அலகு) என்ற அளவையே சுற்றி நின்றது. வேகமாகப் பேசுவதால் ஒருவர் படபடப்பானவர் ஆகிவிடமாட்டார்.

வழிப்போக்கர்:

நேப்பிள்ஸுக்கு அருகே ஆறு ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில் கடிகாரக்காரரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சொல் இறுதியில் உயிரைச் சேர்க்கும் கேலி, இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவதிலிருந்து பிறந்தது. மெய்யில் முடியும் அயற்சொல்லை அவர்கள் பேசும்போது இறுதியில் ஒரு சிற்றுயிர் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் நேப்பிள்ஸ் வட்டாரப் பேச்சிலோ இறுதி உயிர் தேய்ந்து பாதி காற்றாகிவிடும். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கா சென்றவர்களின் பேரப்பிள்ளைகள், 'காப்போகொல்லோ' என்ற பன்றி இறைச்சிப் பண்டத்தை இன்று நியூ ஜெர்சியில் 'கபகூல்' என்கிறார்கள். கேலியில் உயிரைச் சேர்த்துக்கொள்ளும் அதே மக்கள், நடைமுறையில் உயிரை உதிர்ப்பவர்கள்.

உங்கள் நடிகரிடம் வேறொன்றைச் சொல்லுங்கள். இத்தாலியத்தில் ஒற்றை மெய்க்கும் இரட்டித்த மெய்க்கும் பொருள் வேறு. 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் தாத்தா. ஆங்கிலம் பேசுபவர்கள் தடுமாறும் இந்த இடம் 'பல'வையும் 'பல்ல'வையும் பிரித்தறியும் நம் வாய்க்கு இயல்பாகவே வரும். அதை விட்டுவிட்டு 'ஆ'வைப் பிடித்துத் தொங்குவானேன்?

கைகளைப் பொறுத்தவரை, பொய்யென்று சொல்லமாட்டேன். ஐந்து விரல் நுனிகளையும் மேல்நோக்கிக் குவித்து மணிக்கட்டை ஆட்டும் அந்தச் சைகை 2020இல் எமோஜியாகவே வந்துவிட்டது. வெளியாட்கள் அதைக் கோபமென்றோ 'அருமை' என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே அதன் பொருள் பெரும்பாலும் 'என்னதான் சொல்ல வருகிறாய்?' என்பதே. எங்கள் தெருவில் எதிரெதிர் மாடிகளிலிருந்து இரண்டு மூதாட்டிகள் ஒரு சொல்லும் பேசாமல் பத்து நிமிடம் இப்படி உரையாடியதைப் பார்த்திருக்கிறேன். உரத்த குரல் என்ற பிம்பம் அந்தப் பத்து நிமிடமும் பொய்யாகிப்போனது. 1832இலேயே அந்திரேயா தெ யோரியோ என்னும் நேப்பிள்ஸ் குருவானவர், பண்டைய ஜாடிகளில் தீட்டப்பட்ட கைகளையும் தம் தெருக்காரர்களின் கைகளையும் ஒப்பிட்டுப் பெரிய நூலே எழுதினார்.

பழையஏடு:

கை விஷயத்தில் ஒரு சேர்க்கை. அது இரத்தத்தில் வருவது என்ற இனவாதக் கருத்தைச் சோதிப்பதற்காக, டேவிட் எஃப்ரான் என்பவர் நியூயார்க்கில் குடியேறிய தென் இத்தாலியரையும் கிழக்கு ஐரோப்பிய யூதரையும் கவனித்து, 1941இல் முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்கச் சூழலில் கலந்துவிட்ட அடுத்த தலைமுறையினரிடம் அந்தந்தச் சமூகத்துக்கே உரிய சைகைகள் பெரும்பாலும் மறைந்திருந்தன.

தோற்றத்துக்கு வருகிறேன். உங்கள் ஓவியரின் ஒற்றை வண்ணக்கிண்ணத்துக்கு ஓர் அலுவலக வரலாறு இருக்கிறது. 1880களிலிருந்து 1920கள் வரை அமெரிக்காவுக்குச் சென்ற ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியரில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து போனவர்கள். அவர்களுடைய முகமே இத்தாலிய முகமாகவும், பிறகு தென் ஐரோப்பிய முகமாகவும் நிலைத்தது. 1899 முதல் அமெரிக்கக் குடியேற்றத் துறை வட இத்தாலியரையும் தென் இத்தாலியரையும் இரண்டு தனி இனங்களாகவே பதிவு செய்தது. நாடாளுமன்றக் குழுவொன்று 1911இல் வெளியிட்ட இனங்களின் அகராதி, தென் இத்தாலியர் எளிதில் உணர்ச்சிவசப்படுபவர், கற்பனை மிகுந்தவர், நடைமுறைக்கு ஒவ்வாதவர் என்று எழுதியது; அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டவர் நிச்செஃபோரோ என்னும் இத்தாலியரே என்பது கசப்பான செய்தி. அந்த அகராதியின் கணக்கில், வடமேற்குக் கடற்கரையில் இருக்கும் ஜெனோவாகூடத் தெற்குதான்! 1924ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஜெர்மனிக்கு ஆண்டுக்கு 51,227 இடங்களும் இத்தாலிக்கு 3,845 இடங்களும் கிரேக்கத்துக்கு வெறும் 100 இடங்களும் ஒதுக்கியபோது, இந்த வகைப்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பது தெரிந்தது.

கருமுடியும் பழுப்புக் கண்ணும் அங்கே மிகுதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே குடும்பத்துப் படத்தில் மஞ்சள் முடியும் கருமுடியும் அருகருகே நிற்பது அங்கு எவருக்கும் வியப்பைத் தருவதில்லை. சிசிலியில் நீலக் கண்ணரைக் கண்டால் 1072இல் அத்தீவின் பாலெர்மோ நகரைப் பிடித்த, வடக்கிலிருந்து வந்த நார்மானியரின் வழித்தோன்றல் என்று சொல்லிவிடுவது வழக்கம். அந்த விளக்கமும் எனக்கு அளவுக்கு மீறி வசதியாகவே படுகிறது. நால்வரில் ஒருவருக்காவது வேறு முடி வரையச் சொல்லுங்கள்.

ஒலிச்சித்திரம்:

மூவருக்கும் மிக்க நன்றி. இறுதி 'ஆ'வை இன்றே நீக்கிவிட்டேன், செவில் ஆசிரியரின் நாக்கும் உள்ளே போய்விட்டது. செவிலியின் முடியைச் செம்பட்டையாக்க ஓவியர் ஒப்புக்கொண்டார். ஏதென்ஸ் ஓட்டுநருக்கு மட்டும் தனி அடையாளம் ஏதும் சிக்கவில்லை; ஸ்பானியர்போலக் கேட்கும் என்று சொல்லிவிட்டீர்கள், அப்படியானால் அவரை எப்படிப் பிரித்துக் காட்டுவது?

நெடில்குறில்:

அவருடைய 'ஆம்', 'இல்லை' இரண்டையும் பயன்படுத்துங்கள். கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆம். பிற ஐரோப்பியர் பலர் காதில் அது மறுப்பாகவே விழும். மறுக்கும்போதோ பலர் வாய் திறப்பதே இல்லை: புருவத்தை உயர்த்தி, தலையை ஒருமுறை பின்னுக்குச் சாய்த்து, நாக்கால் ஒரு 'ட்ஸ்'. விலங்கியலாளர் டெஸ்மண்ட் மோரிஸும் அவருடைய குழுவினரும் 1979இல் வெளியிட்ட ஆய்வின்படி, இதே தலைசாய்ப்பு இத்தாலியின் தெற்கிலும் வழங்குகிறது, ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையில் எங்கோ நின்றுவிடுகிறது. பண்டைக் காலத்தில் கிரேக்கர் குடியேறிய பகுதியின் எல்லையோடு அதை அவர்கள் பொருத்திப் பார்த்தார்கள்.

வானொலியில் தலைசாய்ப்பு தெரியாது, 'ட்ஸ்' கேட்கும். ஓட்டுநர் அப்படிச் செய்யும்போது கடிகாரக்காரருக்குச் சட்டென்று புரியட்டும். செவிலி மட்டும் இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கட்டும்.