பழைய ஆவணப்படங்களில் நடிக்கவைக்கப்பட்ட காட்சிகள்: ஏற்கத் தக்கவையா?

அந்திமாலை எழுதியது:

திரைப்படக் கல்வி பெறாத, ஓய்வு நாள்களில் பழைய படங்களைத் தேடிப் பார்க்கும் சாதாரணப் பார்வையாளன் என்ற நிலையிலிருந்து இதை எழுதுகிறேன். அண்மையில் மூன்று ஆவணப்படங்களைப் பார்த்தேன். பிரிட்டனின் தபால் ரயிலைக் காட்டும் ‘நைட் மெயில்’ (1936) மிகவும் பிடித்திருந்தது. ராபர்ட் ஃபிளாஹர்ட்டி எடுத்த ‘நானூக் ஆஃப் த நார்த்’ (1922), ‘மேன் ஆஃப் அரான்’ (1934) ஆகிய இரண்டும் பார்க்கும்போது என்னைக் கட்டிப்போட்டன. அவை எடுக்கப்பட்ட விதத்தைப் படித்தறிந்த பிறகு மனம் கசந்துவிட்டது.

முதல் படத்தின் நாயகர் நானூக், கனடாவின் வடபகுதியைச் சேர்ந்த இனுவிட் பழங்குடி வேட்டைக்காரர். அவர் பனிப்பரப்பில் உள்ள சிறு துளைக்குள் ஈட்டியைப் பாய்ச்சிவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார். சறுக்கி விழுகிறார், எழுகிறார், மறுபடியும் இழுபடுகிறார். அடியில் ஒரு சீல் (கடல்நாய்) உயிருக்குப் போராடுகிறது என்று நம்பி நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். கடைசியில் வெளியே வரும் சீலிடம் சிறு அசைவும் இல்லை. கயிற்றின் மறுமுனையை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கேமராவின் பார்வைக்கு அப்பால் நின்ற ஆள்கள். நானூக் என்பதும் அவருடைய பெயரன்று. அவர் பெயர் அல்லாகரியல்லாக். அவருடைய குடும்பமாகக் காட்டப்படும் பெண்களும் அவர் குடும்பத்தினர் அல்லர். துப்பாக்கியை நன்கு அறிந்திருந்த மக்களின் கையில் ஈட்டியைக் கொடுத்துவிட்டு, இதுதான் இவர்கள் வாழ்க்கை என்று உலகுக்குக் காட்டியிருக்கிறார்கள். இப்படியொரு படத்தை ஆவணப்பட வரலாற்றின் தலைவாசலில் வைத்துக் கொண்டாடுவது முறையா என்பதே என் கேள்வி.

படச்சுருள் எழுதியது:

நண்பர் அந்திமாலை சொல்லும் தகவல்களை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து அவர் வந்தடையும் முடிவைத்தான் மறுக்கிறேன். ஹட்சன் விரிகுடாவின் கரையில், இன்று இனுக்ஜுவாக் எனப்படும் இடத்தில், 1920-21இல் எடுக்கப்பட்ட படம் அது. அந்தக் காலத்துப் படச்சுருளுக்குப் பனிவீட்டுக்குள் இருந்த வெளிச்சம் போதவே போதாது. எனவே வழக்கத்தைவிடப் பெரிய பனிவீடு ஒன்றைக் கட்டி, அதன் ஒரு பாதியை வெட்டித் திறந்துவிட்டார்கள். உள்ளே ஆடை களைந்து தோல்விரிப்புக்குள் நுழைந்து படுப்பவர்கள் உண்மையில் திறந்தவெளிக் குளிரில்தான் படுத்திருந்தார்கள். ஏமாற்றும் நோக்கத்தால் செய்ததன்று இது. வேறு வழியில்லாததால் செய்தது.

இன்னொன்றையும் கருத வேண்டும். ஃபிளாஹர்ட்டி அதற்கு முன் அதே வட்டாரத்தில் எடுத்துவந்த சுமார் 30,000 அடிப் படச்சுருள், 1916இல் சிகரெட் நெருப்பு பட்டு எரிந்துபோனது. அந்தப் பழைய படம் கோவையின்றித் துண்டு துண்டாக இருந்தது என்பது அவருடைய சொந்த மதிப்பீடு. ஆகவே அடுத்த முறை ஒரு மனிதரையும் அவர் குடும்பத்தையும் பின்தொடர்ந்து கதையாகச் சொல்லத் தீர்மானித்தார். எடுத்த படத்தை அங்கேயே கழுவி, அந்த மக்களுக்கே போட்டுக் காட்டினார். கேமராவைப் பழுதுபார்க்கவும் படம் கழுவத் தண்ணீர் கொண்டுவரவும் இனுவிட் மக்களே துணை நின்றார்கள். தங்கள் பாட்டன்மார் வேட்டையாடிய முறையை அவர்கள் நடித்துக் காட்டாமல் போயிருந்தால், அது படத்தில் எங்குமே பதிவாகாமல் போயிருக்கும்.

வடதிசை எழுதியது:

இருவருக்கும் வணக்கம். மக்களே துணை நின்றார்கள் என்ற வாதத்தை நான் அவ்வளவு எளிதில் ஏற்க மாட்டேன். வால்ரஸ் வேட்டைக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். கடலுக்குள் இழுக்கும் அந்தப் பெரிய விலங்கோடு மல்லுக்கட்டிய வேட்டைக்காரர்கள், துப்பாக்கியால் சுடும்படி ஃபிளாஹர்ட்டியைக் கூவி அழைத்தார்கள். அவரோ காதில் விழாதவர்போலக் கேமராவின் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். இது அவரே எழுதிவைத்த செய்தி. ஆபத்தில் நின்றவர்கள் கேட்டதை அப்போது மறுத்துவிட்டு, அதன் விளைவை அவர்களின் பழைய வீரம் என்று காட்டுவதைக் கூட்டு முயற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணம் கொடுத்தது ரெவியோன் ஃப்ரேர் என்ற மென்மயிர்த்தோல் வணிக நிறுவனம். படத்தில் வரும் வணிகச்சாவடிக் காட்சியில் நானூக் கிராமபோன் தட்டை வாயில் வைத்துக் கடித்துப் பார்க்கிறார். பார்ப்பவர்கள் சிரிப்பதற்காகவே அது வைக்கப்பட்டது. படம் முடிந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் மான் வேட்டைக்குப் போன இடத்தில் பட்டினியால் இறந்தார் என்கிறது இன்று கிடைக்கும் பிரதியின் முகப்பு வாசகம். காசநோயால் வீட்டிலேயே இறந்திருக்கலாம் என்பதே பின்னர் ஆராய்ந்தவர்களின் கருத்து. ஒரு மனிதரின் சாவைக்கூட படத்துக்கு ஏற்ற சாவாக மாற்றியிருக்கிறார்கள்.

ஃபிளாஹர்ட்டிக்கு இனுக்ஜுவாக்கில் பிறந்த மகன் ஜோசஃபி. கனடா அரசு 1953இலும் 1955இலும் இனுக்ஜுவாக் குடும்பங்களைச் சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியபோது ஜோசஃபியின் குடும்பமும் அதில் சிக்கியது. இதற்காக அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல்தான். இனுவிட் மக்கள் எந்தப் பனியிலும் வேட்டையாடிப் பிழைத்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் வெளியுலகில் வேரூன்றியதில் இப்படத்துக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

படச்சுருள் எழுதியது:

இடப்பெயர்வுக்கு அரசின் கொள்கையே காரணம். முப்பது ஆண்டுகளுக்கு முந்திய படத்தின்மீது அதைச் சுமத்துவது பொருந்தாது. நண்பர் அந்திமாலையிடம் ஒன்று கேட்கிறேன். தங்களுக்குப் பிடித்த ‘நைட் மெயில்’ படத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் பெட்டி ஓடும் ரயிலில் இல்லை. அது ஸ்டுடியோவில் போட்ட செட். தபால் ஊழியர்கள் ரயில் ஓடுவதுபோலத் தோன்றும்படி உடம்பை ஆட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். அங்கே கசக்காத மனம் இங்கே மட்டும் ஏன் கசக்கிறது?

அந்திமாலை எழுதியது:

நியாயமான கேள்விதான், சகோதரி. எனக்கு இதில் வேறுபாடு தெளிவாகவே தெரிகிறது. பெட்டி பொய்யாக இருக்கலாம். ஆனால் அந்த ஊழியர்கள் செய்தது அந்த வாரமும் அவர்கள் செய்துவந்த வேலை. தபால் பையை ரயிலுக்கு வெளியே தொங்கவிடுவதற்கு முன் பாலங்களையும், அவற்றுக்குப் பின் தண்டவாள ஓசையையும் எண்ணிக் காத்திருக்கிறார்களே, அது அவர்களின் அன்றாடப் பழக்கம். ‘மேன் ஆஃப் அரான்’ காட்டும் அயர்லாந்தின் அரான் தீவிலோ பெருஞ்சுறா வேட்டை பல பத்தாண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது. படத்துக்காக அம்மீனவர்கள் அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பாறை இடுக்கில் மண்ணைச் சுரண்டி எடுத்து, கடற்பாசியைக் கூடையில் சுமந்து வந்து பரப்பி, வெறும் பாறைமேல் கிழங்கு விளைய நிலம் உண்டாக்கும் காட்சி அதே படத்தில் இருக்கிறது. அது அந்தத் தீவினரின் உண்மையான உழைப்பு. என்னை உலுக்கிய காட்சியும் அதுதான். அதை வைத்துக்கொண்டு சுறாவை ஏன் தேடிப் போனார் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஜில்லோ பொன்டெகோர்வோ இயக்கிய ‘த பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ (1966) முழுக்க முழுக்க நடிக்கப்பட்ட படம். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தில் தலைமை தாங்கியவர்களுள் ஒருவரான ஸாடி யாசெஃபே அதில் தம்மையொத்த பாத்திரத்தில் நடித்தார். ஆனால் செய்திப்படத் துண்டு எதுவும் இதில் இல்லை என்ற அறிவிப்போடு அது திரையிடப்பட்டது. அந்த நேர்மையைத்தான் கேட்கிறேன். நம்மிடையேயும் ஏ. கே. செட்டியார் பல நாடுகளுக்குப் போய், பலர் எடுத்த படச்சுருள்களைத் திரட்டி, 1940இல் காந்தியடிகள் பற்றிய படத்தைக் கொடுத்தார். பொறுமை இருந்தால் நடிக்கவைக்காமலும் படம் எடுக்க முடியும்.

படச்சுருள் எழுதியது:

செட்டியாரின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் காந்தியடிகள் போன இடமெல்லாம் யாரோ ஒருவர் கேமராவோடு நின்றார். திரட்டுவதற்கு ஏதோ இருந்தது. அல்லாகரியல்லாக்கைப் படம்பிடிக்க ஃபிளாஹர்ட்டியைத் தவிர வேறு யாரும் வரவில்லை. அறிவிப்பு வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கிறேன்; புதிதாக வெளியிடப்படும் பிரதிகளில் நடித்தவர்களின் உண்மைப் பெயர்கள் முதலில் வர வேண்டும். ஆவணப்பட வரிசையிலிருந்தே நீக்க வேண்டும் என்றால் உடன்பட மாட்டேன்.

வடதிசை எழுதியது:

பெயர்களோடு சாவைப் பற்றிய அந்த முகப்பு வாசகத்துக்கும் திருத்தக் குறிப்பு வேண்டும். வரிசையில் வைப்பதா நீக்குவதா என்பதைவிட எனக்கு அதுவே முக்கியம். அரான் பற்றி மேலும் அறிய விரும்புகிறவர்கள், ஜார்ஜ் ஸ்டோனி 1970களில் அதே தீவுக்குப் போய் எடுத்த ‘ஹவ் த மித் வாஸ் மேட்’ படத்தைப் பார்க்கலாம். பழைய படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதை அத்தீவு மக்களிடமே கேட்டு அவர் பதிவுசெய்திருக்கிறார்.