2 மாத வாடகை பாக்கி. உடனே காலி பண்ணச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

வியாசர்பாடி டெய்லர்:
6 வருடமாக ஒரே போர்ஷன். வாடகை 6,500, அட்வான்ஸ் 50,000. என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கால் உடைந்து படுத்ததிலிருந்து என் தையல் காசில்தான் அடுப்பு எரிகிறது. ஒரு வாரத்தில் காலி செய் என்று சொன்ன ஓனரம்மா நேற்று எங்கள் டேங்குக்கு மோட்டாரும் போடவில்லை. எதிர் வீட்டில் குடம் இரவல் வாங்கித் தண்ணீர் பிடித்தேன்.

புது வீடு பார்த்தேன். 7,500 வாடகை, 10 மாத அட்வான்ஸ், புரோக்கருக்கு ஒரு மாதம்: 82,500. இங்கே பாக்கியும் பெயின்ட் காசு ஒரு மாதமும் கழித்தால் 30,500 வரும், அதுவும் சாவியைக் கொடுத்த பிறகு. மாத வாடகையை எப்படியாவது புரட்டிவிடலாம். இந்த 52,000-த்துக்கு எங்கே போக?

கோர்ட் குமாஸ்தா:
அம்மா, தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காலி செய்ய வைக்க முடியாது. பாக்கி இருந்தாலும் தண்ணீர், கரண்டை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தம் பதிவு செய்ததா?

வியாசர்பாடி டெய்லர்:
20 ரூபாய் பத்திரம், 11 மாதம். அதுவும் முதல் வருடம் போட்டதுதான்.

கோர்ட் குமாஸ்தா:
எல்லாரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பதிவு செய்யாததால் வழக்கு என்று போனால் அந்தத் தாள் பெரிதாக உதவாது. முதலில் பேசிப் பாருங்கள். பாக்கி 13,000-ஐ அட்வான்ஸிலேயே கழிக்கச் சொல்லி, கழித்ததை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

பழைய பிராட்வேக்காரன்:
அக்கா, வாடகை கம்மி என்று ஊருக்கு வெளியே மட்டும் போய்விடாதீங்க. நாங்கள் கூடுவாஞ்சேரி போனோம். வாடகையில் 2,000 மிச்சம், ஆனால் அம்மாவுக்கு நாலு வீட்டு வேலையும் போச்சு. ஆறே மாதத்தில் மறுபடி பாக்கி. உங்களுக்கும் பிளவுஸ் கொடுக்கிறவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தானே?

வியாசர்பாடி டெய்லர்:
ஆமாம் தம்பி, எல்லாம் சுற்றி நாலு தெருதான். அதைத்தான் ஓனரம்மாவிடமும் சொன்னேன்: இங்கே இருந்தால்தான் எனக்குத் தையல், உங்களுக்கு வாடகை. அட்வான்ஸில் கழிக்கச் சம்மதித்துவிட்டார். தீபாவளிக்குள் அந்த 13,000-ஐ நிரப்பணுமாம். சரி என்றேன். கணக்கு நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். இன்று காலை ஐந்தரைக்கே மோட்டார் சத்தம் கேட்டது. எதிர் வீட்டுக் குடத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, இரண்டு நாள் போகட்டும்.