டைமென்ஷன்: அணிக்கும் அலகுக்கும் ஒரே ‘பரிமாணம்’ போதுமா?

இழையைத் தொடங்கியவர்:

அனைவருக்கும் வணக்கம். ஒரு கணித மென்பொருளின் தமிழாக்கத்தில் அலகுகள் பகுதிக்கு வந்திருக்கிறேன். ஞாயிறு இரவு கோப்பைப் பூட்டிவிடுவார்கள், இன்னும் 43 சரங்கள் (திரையில் வரும் சொற்றொடர்கள்) பாக்கி. யூனிட் என்றால் அலகு, கன்வர்ஷன் என்றால் அலகு மாற்றம். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. சிக்கல் டைமென்ஷனில்தான்.

3 மீட்டரையும் 5 நொடியையும் கூட்டச் சொன்னால் மென்பொருள் மறுக்கிறது. 2×3 அணியை (மேட்ரிக்ஸ்) இன்னொரு 2×3 அணியால் பெருக்கச் சொன்னாலும் மறுக்கிறது. மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நானும் இரண்டுக்கும் ‘பரிமாணங்கள் பொருந்தவில்லை’ என்று எழுதிச் சோதித்தேன். அணியின் உறுப்புகளுக்கு அலகு கொடுத்தபோது, பிழை அலகிலா அணியிலா என்று எனக்கே பிடிபடவில்லை.

என் முன்மொழிவு: அளவினம். நீளம் ஓர் அளவினம், காலம் வேறோர் அளவினம். மீட்டரும் மைலும் ஒரே அளவினம், அதனால் ஒன்றை மற்றொன்றாக மாற்றலாம்.

இயற்பியல் ஆசிரியை:

தம்பி, பரிமாணப் பகுப்பாய்வு, பரிமாண வாய்ப்பாடு என்று படித்துத்தான் பிள்ளைகள் இந்த மென்பொருளைத் திறக்கிறார்கள். விசையின் பரிமாணத்தைக் கேட்டால் நிறை, நீளம், காலத்தின் மைனஸ் இரண்டாம் அடுக்கு என்று தூக்கத்திலும் சொல்வார்கள். திரையில் அளவினம் என்று வந்தால் அது வேறு ஏதோ என்று நினைத்துவிடுவார்கள். ‘அலகுகள் பொருந்தவில்லை’ என்று எளிமையாகப் போடுங்களேன்.

நிரலர்:

அம்மா, அது தவறான செய்தி ஆகிவிடும். மீட்டரும் அடியும் வேறு வேறு அலகுகள். ஆனாலும் 1 அடி 0.3048 மீட்டர் என்று மாற்றி மென்பொருள் கூட்டிவிடும். பொருந்தாமல் போவது அலகு அல்ல, அதற்குப் பின்னால் இருப்பது.

இந்த வேறுபாடு முக்கியம். 1999இல் செவ்வாய்க்குப் போன விண்கலம் ஏன் அழிந்தது? ஒரு நிரல் கணத்தாக்கைப் (இம்பல்ஸ்) பவுண்டு-விசை நொடியில் தந்தது, அதை வாங்கிய மற்றொரு நிரல் நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு பிழை. இரண்டுக்கும் பரிமாணம் ஒன்றே, ஆகவே பரிமாணச் சோதனை மட்டும் இருந்தால் அதைப் பிடித்திருக்காது. எண்ணோடு அலகும் சேர்ந்து போயிருக்க வேண்டும். அலகையும் பரிமாணத்தையும் தமிழில் ஒன்றாகக் குழப்பிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இலக்கண அன்பர்:

அளவு + இனம் புணர்வதில் தடை இல்லை. அளவின் ஈறு முற்றியலுகரம்தான் என்றாலும், உயிர் வரும்போது அது கெடுவதை ‘அளவில்’ என்பதிலேயே பார்க்கிறோம். ஆனால் அளவு + இன் + அம் என்றும் பிரியுமே! குழையினன் என்பதற்குத் தன்மைப் பன்மை குழையினம் என்பதுபோல, அளவினம் என்றால் ‘நாம் அளவை உடையோம்’ என்று குறிப்பு வினைமுற்றாகும்.

பேச்சோடு பேச்சாக ஒன்று. அளவுப்பெயருக்கும் நிறைப்பெயருக்கும் முதலாகும் எழுத்துகள் ஒன்பது என்கிறது தொல்காப்பியத்தின் தொகைமரபு: க, ச, த, ப, ந, ம, வ, அ, உ. இன்றைய ஏழு அடிப்படை அலகுகளை நேற்று இரவு இதில் வைத்துப் பார்த்தேன். மீட்டர், கிலோகிராம், நொடி, கெல்வின், மோல், கேண்டெலா ஆறும் அடங்குகின்றன. ஆம்பியர் மட்டும் ஆகாரத்தில் தொடங்கி வெளியே நிற்கிறது. எனக்கு மெய்சிலிர்த்தது.

இழையைத் தொடங்கியவர்:

அருமை ஐயா, ‘நொடி’யைச் செகண்ட் என்றாலும் சகரத்தில் அடங்கிவிடுகிறது! சரி, சொல்லுக்கு வருவோம். பரிமாணம் வடசொல் என்பதையும் நான் மறக்கவில்லை. அளவினம் வேண்டாம் என்றால் ‘அளவு வகை’?

நிரலர்:

அதில்தான் பெரிய ஓட்டை. திருப்புவிசைக்கு நியூட்டன் மீட்டர், வேலைக்கு ஜூல். பரிமாணம் ஒன்று, வகை வேறு. நியூட்டன் மீட்டரை ஜூலாக மாற்றச் சொன்னால் மென்பொருள் எதுவும் கேட்காமல் மாற்றித்தரும். அளவு வகை என்று நீங்கள் எழுதினால், அது சோதிக்காத ஒன்றைச் சோதித்ததாகச் சொல்வீர்கள். அளவினத்துக்கும் இதே குறை உண்டு.

இயற்பியல் ஆசிரியை:

அப்படியானால் மாற்ற வேண்டியது அணியின் பக்கம். கணிதப் பாடத்தில் அணிக்குப் பரிமாணம் என்று சொல்வதே இல்லையே, ‘அணியின் வரிசை 2×3’ என்றுதானே எழுதுகிறோம்? பரிமாணத்தை அலகுக்கு விட்டுவிடுங்கள்.

நிரலர்:

இதை நான் ஏற்கிறேன். செய்தியில் காரணத்தையும் சொல்லிவிடலாம்: “‘%1’, ‘%2’ ஆகியவற்றைக் கூட்ட இயலாது: பரிமாணங்கள் வேறு.” %1, %2 என்பவை மென்பொருள் அலகின் பெயரை நிரப்பும் இடங்கள். ‘ஆகியவற்றை’ என்று போட்டால் %1 இடத்தில் மீட்டர் வந்தாலும் நொடி வந்தாலும் வேற்றுமை உருபு இடிக்காது.

இலக்கண அன்பர்:

வடசொல்லே நிலைத்துவிட்டதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கமாட்டேன்.

இழையைத் தொடங்கியவர்:

சரி, அப்படியே செய்துவிட்டேன். அணிக்கு வரிசை, அலகுக்குப் பரிமாணம். 41 சரங்கள் முடிந்தன. மீதி இரண்டும் நேரியல் இயற்கணிதத்தில் வருபவை: வெளியின் (வெக்டர் ஸ்பேஸ்) பரிமாணம், உள்வெளியின் பரிமாணம். அவற்றுக்கு ‘வரிசை’ பொருந்தாது, எனவே பழைய இரட்டை வேலை அங்கே தொடர்கிறது. இந்தப் பதிப்புக்கு இப்படியே பூட்டுகிறேன். அடுத்த பதிப்புக்கு அளவினத்தோடு மறுபடி வருவேன்.