மாத்தலாவில் ஒரு கல் திண்ணை

கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் தென்கரையில் இருக்கும் மாத்தலாவுக்கு நான் போனது கடலில் குளிக்கத்தான். தீவின் தலைநகரான ஹெராக்லியோனிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். கடற்கரையில் கால் வைத்ததும் என்னை நிறுத்தியது கடல் அல்ல. விரிகுடாவின் வடபுறம் சாய்ந்து நிற்கும் வெளிர்மஞ்சள் பாறையும், அதில் புறாக்கூடு போல அடுக்கடுக்காகக் குடைந்திருந்த குகைகளும்.

டிக்கெட் வாங்கி ஏறினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு குகைக்குள் நுழைந்தால் சில்லென்று இருந்தது. பாறையிலேயே செதுக்கிய திண்ணை, சரியாக ஆள் நீளத்துக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினேன். நன்றாகத் தூங்கிவிட்டேன்.

மதியம் தவெர்னா எனப்படும் உள்ளூர் உணவுக்கடையில் மீன் சாப்பிட்டுக்கொண்டே இதைப் பெருமையாகச் சொன்னேன். எழுபதை நெருங்கிய கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"நல்ல இடமாகப் பார்த்துப் படுத்திருக்கிறீர்கள். ரோமானியர்கள் பிணத்தைக் கிடத்திய இடம் அது."

வாயில் வைத்த மீன் அப்படியே நின்றது. கிரீட்டின் பழம்பெரும் நாகரிகமான மினோவர் காலத்தில் பைஸ்டோஸ் நகரத்துக்கும், ரோமானியர் காலத்தில் கோர்ட்டின் நகரத்துக்கும் இந்த ஊர் துறைமுகமாக இருந்ததாம்.

1960களின் பிற்பகுதியில் அதே கல்லறைகளில் ஹிப்பிகள் குடியேறினார்கள். கனடாப் பாடகி ஜோனி மிட்செலும் 1970இல் இங்கே தங்கியிருக்கிறார். கடைக்காரர் அப்போது சிறுவன். "அம்மா சுட்ட ரொட்டியைக் கூடையில் கொண்டுபோவேன். சிலர் காசு தருவார்கள், சிலர் பாசிமணி மாலை தருவார்கள். அம்மாவுக்குப் பாசிமணி எதற்கு? என்னைத்தான் திட்டுவாள்" என்றார். திருச்சபையின் எதிர்ப்பும் அன்றைய கிரேக்க இராணுவ ஆட்சியும் சேர்ந்து ஹிப்பிகளை ஊரைவிட்டே விரட்டிவிட்டன. இன்று கடைத்தெரு முழுக்க அவர்கள் பெயரைச் சொல்லித்தான் வியாபாரம். பாசிமணி மாலையும் விற்கிறார்கள், நல்ல விலைக்கு.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். குன்றைத் தாண்டி ‘ரெட் பீச்’ என்ற கடற்கரைக்கு நடப்பதாக இருந்தால் ரப்பர் செருப்பு வேண்டாம். என் முழங்கால் தழும்பே சாட்சி. பக்கத்திலிருக்கும் பைஸ்டோஸ் அரண்மனையில் 1908இல் கிடைத்த, இன்றுவரை யாராலும் படித்துப் பொருள் சொல்ல முடியாத குறிகள் பொறித்த களிமண் வட்டு அங்கே இல்லை. ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

மறுநாள் அதே குகைக்கு மறுபடியும் போனேன். திண்ணை ஓரத்தில் உட்கார முடிந்தது, படுக்க மனம் வரவில்லை. பக்கத்துக் குகையில் ஓர் இளம் தம்பதி துண்டை விரித்துக் கைக்குழந்தையைத் திண்ணையில் தூங்க வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.