பெயிண்டைச் சுரண்டித் தின்னும் குழந்தை, ஹீமோகுளோபின் மட்டும் நார்மல்

தூறல் (கேள்வி):
பெண் குழந்தை, 4 வயது, 14 கிலோ. இரண்டு மாதமாகச் சுவரில் உரிந்து நிற்கும் பழைய பெயிண்டைப் பிய்த்துத் தின்கிறாள், மண்ணையும் விடுவதில்லை. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தாயிற்று. ஹீமோகுளோபின் 11.2 வந்தது. "நார்மல்தான், வளர வளர விட்டுவிடும்" என்றார்கள். விரலில் கசப்பு தடவினால் நிற்குமா?

நுண்ணோக்கி:
கசப்பு தடவினால் அந்த விரலை விட்டு வேறு விரலால் சுரண்டுவாள். முதலில் ரத்தத்தைப் பாருங்கள்.

இரும்புச்சத்து குறையும்போது முதலில் காலியாவது சேமிப்பு, ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். ஆகவே 11.2 என்பதை வைத்து இரும்பு போதுமென்று சொல்ல முடியாது. அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைக் கேளுங்கள். 5 வயதுக்குள் லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் பற்றாக்குறை. காய்ச்சல் இருக்கும்போது எடுத்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். அப்போது உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி பரிசோதனையும் சேர்த்து எடுத்து, 12-க்குப் பதில் 30-ஐ எல்லையாக வைப்பார்கள்.

அதே ஊசியில் ஈயத்தின் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம், என் பயமெல்லாம் இதில்தான். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிவிடும், கை மடிப்பில் எடுப்பதே சரி. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறதென்று தேடி அகற்ற வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே என்றாலும் பாதுகாப்பான அளவென்று ஒன்று கிடையாது. இரும்பு குறைந்த குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும், அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சுவரை உலர வைத்துத் தேய்க்காதீர்கள், தூசி வீடெங்கும் பரவும். சரிசெய்யும்வரை அந்த இடத்தை மூடிவிட்டு, தரையை ஈரத்துணியால் துடையுங்கள்.

தராசு:
ஃபெரிட்டின் குறைந்திருந்தால் மருத்துவர் இரும்பு சிரப் எழுதுவார். சிகிச்சை அளவு வழக்கமாக ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் தனி இரும்பு, அதாவது 14 கிலோவுக்கு 42. இங்கேதான் பலரும் சறுக்குவது: பாட்டிலில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் இரும்பு சேர்ந்த ரசாயன உப்பின் மொத்த எடை. ஃபெரஸ் சல்ஃபேட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் இரும்பு, ஃபெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு.

பாலோடு கொடுத்தால் பாதி வீண். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடாதீர்கள், சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும். பாட்டிலைப் பூட்டி வையுங்கள். இரும்பு மருந்தை அளவுக்கு மீறிக் குடித்தால் குழந்தை உயிருக்கே ஆபத்து, இவளோ கிடைத்ததை வாயில் போடுகிறவள்.

இரும்புக் குறையால் வந்த ஆசையாக இருந்தால், ஹீமோகுளோபின் ஏறும் முன்பே பலருக்கு அடங்க ஆரம்பித்துவிடும். இரும்புக் குறையால் ஐஸ் கடித்துத் தின்பவர்களிடம் இது பளிச்சென்று தெரியும்.

தூறல்:
ஃபெரிட்டின் ஏறியும் நிற்காவிட்டால்?

மறுகரை:
அப்போது நடத்தையைப் பார்க்க வேண்டும். எப்போது, எங்கே, என்ன தின்றாள், அதற்கு முன் என்ன நடந்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இரண்டு வாரம் எழுதி வையுங்கள். தனியாக, சும்மா இருக்கும்போதே தின்றால் அந்த மொறுமொறுப்பே அவளுக்குச் சுகம். கடித்து மெல்ல வேறொன்றைக் கையில் கொடுத்து, வேலையும் கொடுங்கள். நீங்கள் பார்க்கும்போது மட்டும் என்றால், உங்கள் கத்தல்தான் அவளுக்குப் பரிசு. பேசாமல் கையை விலக்கி, விளையாட்டுப் பக்கம் திருப்பி, அங்கே இருக்கும்போது கொஞ்சுங்கள்.

2 வயதுக்குள் எல்லாவற்றையும் வாயில் வைப்பது இயல்பு. அதற்கு மேற்பட்ட வயதில் உணவல்லாததைத் தின்பது ஒரு மாதம் தாண்டினால், அதை பிகா என்ற கோளாறாகக் கணக்கு. பேச்சோ பழகுதலோ பின்தங்கியிருந்தால் ஆட்டிசத்துக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி:
விட்டுப்போனது ஒன்று. வாந்தி, வயிறு உப்பல், மலம் போகாமை இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. பட்டன் பேட்டரியோ காந்தமோ விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே கிளம்புங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.