மெழுகுவர்த்தி வீடியோ: டிவியில் சத்தம் வரல, பிள்ளைகள் பதிலும் தப்பா வருது

சுண்ணக்கட்டி:
ஏழாம் வகுப்பு, 38 பிள்ளைகள். தட்டுத் தண்ணீரில் எரியும் மெழுகுவர்த்தி மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனை, 9 நிமிட வீடியோ. லேப்டாப்பில் சரியா ஓடுது. பென்டிரைவில் போட்டு வகுப்பு டிவியில் (43 இஞ்ச்) செருகினா படம் மட்டும் வருது, சத்தம் இல்ல.

இன்னொன்று: "தண்ணி ஏன் ஏறுச்சு?"ன்னு கேட்டா மொத்த வகுப்பும் "ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துச்சு"ங்குது. வீடியோவில் பேசுறவரும் அதையேதான் சொல்றார். வேற வீடியோ தேடணுமா?

பென்டிரைவ்பாண்டி:
டிவி பழுதில்லை, ஆடியோ வகைதான் ஒத்துப்போகல. வி.எல்.சி. (வீடியோ ஓட்டும் மென்பொருள்) மூலம் லேப்டாப்பில் வீடியோவைத் திறந்து கண்ட்ரோல் + ஜே அழுத்துங்க. ஆடியோ கோடெக் (ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) ஓபஸ் அல்லது டிடிஎஸ் என்று இருந்தால் பல டிவிகள் ஊமையாகத்தான் ஓட்டும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாத்துற மென்பொருளில் போட்டு 'ஃபாஸ்ட் 720பி30' தேர்ந்து எம்பி4 ஆக மாத்துங்க, ஆடியோ ஏஏசி ஆயிடும், அது பெரும்பாலான டிவிகள் ஓட்டும் வகை. கோப்பின் பெயரை மட்டும் .எம்பி4 என்று மாத்தினா ஒன்றும் நடக்காது, உள்ளே இருப்பது அதேதான். அவசரத்துக்கு லேப்டாப்பையே எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோட இணைச்சிடலாம்.

ஓரப்பெஞ்ச்:
மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஊமையாகவே ஓட்டுங்க சார். கெடுக்கறதே அந்தக் குரல்தான், படத்தில் தப்பில்லை. மூன்று இடத்தில் நிறுத்தணும்.

டம்ளர் இறங்குமுன்: என்ன ஆகும் என்று நோட்டில் படம் வரையச் சொல்லுங்க, நீர்மட்டக் கோடு கட்டாயம்.
டம்ளர் விளிம்பு தண்ணீரைத் தொடும்போது: குமிழி வெளியே வரும். சூடான காற்று விரிந்து தப்பிக்குது. அரை நொடிச் சமாச்சாரம், சாதாரண வேகத்தில் யாரும் பார்க்க மாட்டாங்க. வி.எல்.சி.யில் 'ஈ' விசை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தும்.
சுடர் அணையும்போது: அதுவரை பெரிசா அசையாத தண்ணீர், அணைந்த பிறகுதான் விறுவிறுன்னு ஏறும். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் எரியும்போதே சீராக ஏறியிருக்கணுமே? இந்தக் கேள்வியை அவங்களே கேட்கிற வரை நீங்க வாயைத் திறக்காதீங்க.

உங்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மெழுகுவர்த்தி அணையும்போதும் சுமார் 16 மிச்சம் இருக்கும். செலவானது 5. மெழுகு எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறு போனால் 25 கார்பன் டைஆக்சைடு திரும்ப வருது. உடன் உண்டாகும் நீராவி குளிர்ந்து தண்ணீராகிடும். அப்போ நிகர இழப்பு 2 சதவீதத்துக்கும் கீழ். திரையில் ஏறும் அளவு அதைவிட மிக அதிகம், மீதி காற்று குளிர்ந்து சுருங்கியது.

கடைசி பெஞ்ச் 3 மீட்டரைத் தாண்டினால் 43 இஞ்சில் நீர்மட்டம் தெரியாது. முன்னால் தரையில் உட்கார வைங்க.

சுண்ணக்கட்டி:
ஏஏசி ஆக்கினேன், சத்தம் வந்துடுச்சு. ஊமையாகவும் ஓட்டினேன். மேசையில் 3 மெழுகுவர்த்தி வெச்சு, தண்ணி இன்னும் உயர ஏறுவதையும் காட்டினேன். ஆனா "மூணு இருந்தா ஆக்சிஜன் அதிகமா தீரும்"னு அதுக்கும் பதில் ரெடி!

ஓரப்பெஞ்ச்:
நல்ல பதில்தான், தட்டிக்கழிக்காதீங்க. நெருப்பே இல்லாம செய்யுங்க, ஆக்சிஜன் தீராமலே தண்ணி ஏறுறதை அவங்களே பார்க்கட்டும். கண்ணாடி டம்ளரில் கை பொறுக்கும் சூட்டு வெந்நீர் முக்கால்வாசி ஊத்தி ஒரு நிமிஷம் சுழற்றுங்க (கொதிநீர் வேண்டாம், விரிசல் விடும்). கொட்டிட்டு உடனே தட்டில் 1 செ.மீ. ஆழம் இருக்கிற குளிர்ந்த தண்ணீரில் கவிழ்த்துடுங்க. தண்ணீரில் ரெண்டு சொட்டு இங்க் போட்டா மட்டம் பின்வரிசைக்கும் தெரியும். மேலே ஈரத்துணி போட்டா சீக்கிரம் ஏறும். கொட்டினதும் தாமதிச்சா உள்ளே காற்று ஆறிடும், ஏறாது. பெரும்பாலும் சொதப்புறது இங்கேதான்.